பட்டாளத்தார் வீடு: ஒரு சிப்பாயின் பிறப்பையும் குடும்பத்தையும் தேடுதல்



நினைவுச் சொற்பொழிவு என்பது ஒருவருடைய பெயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊர் கேட்கச் சொல்வதற்கு நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அப்படி யாரும் பெயர் சொல்லாமல் விட்டவர்களைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைத்தேன். இரண்டு உலகப் போர்களுக்கும் நம் சேரிகளிலிருந்தும் வளவுகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவர்கள் எங்கே பிறந்தார்கள், தாய் தகப்பன் யார், யாரைக் கட்டினார்கள், யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதை இன்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் எந்த ஆவணத்தைக் கொண்டு? கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? இந்த மூன்று கேள்விகள்தான் என் உரை.

கொங்குப் பகுதியில் நம் ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீட்டைச் சொல்வார்கள். அந்த வீட்டில் இப்போது இருப்பவர் தேங்காய் உரிக்கப் போகிறவராகவோ, மில்லில் வேலை செய்தவராகவோ இருப்பார். யார் பட்டாளத்துக்குப் போனது என்று கேட்டால் ‘எங்க அப்பாருக்கு அப்பா’ என்பார். எந்தப் பட்டாளம், எந்தச் சண்டை, என்ன பெயரில் சேர்ந்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்குப் பட்டப்பெயர் தங்கியிருக்கிறது. ஆளின் பெயர் தங்கவில்லை.

தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வம்சாவளி என்ற சொல் நம் பகுதியில் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம், காணி, பட்டயம், ‘ஆண்ட பரம்பரை’ என்று சொல்லி, இந்தக் கோயிலில் எங்களுக்குத்தான் முதல் மரியாதை, இந்தத் தெருவில் நீ வரக் கூடாது என்று முடிப்பதற்கு அது பயன்பட்டிருக்கிறது. அதே கடையில் நாமும் ஒரு பரம்பரைப் பெருமை வாங்கிவர வேண்டியதில்லை. நாங்களும் வீரக்குடி என்று நிரூபிப்பதற்காக நான் இந்தத் தேடலைச் சொல்லவில்லை. ஒரு தனி மனிதனை, அவனுடைய தாய் தகப்பனோடும் மனைவி மக்களோடும் சேர்த்து, பெயர் சொல்லி அறிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். சாதிக் கூட்டத்தின் உறுப்பாக மட்டுமே நம்மைப் பார்த்த சமூகத்தில், ஒரு ஆளைத் தனி ஆளாக மீட்பதே ஒரு அரசியல் வேலை.

இங்கிலாந்தின் தெற்கில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சுகா என்பவரின் கல்லறை உள்ளது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக அந்த ஊரில் நடந்த லேடி ஹார்டிங் மருத்துவமனையில் அவர் துப்புரவுத் தொழிலாளி. 1915 ஜனவரி 12ஆம் நாள் இறந்தார். வயது 30 என்று கல் சொல்கிறது. அவர் உடலை எரிக்க அங்கிருந்த இந்துக்கள் ஒப்பவில்லை, தீண்டத்தகாதவர் என்பதால். முஸ்லிம் அல்லாததால் வோக்கிங் மசூதியின் இடத்திலும் புதைக்க வழியில்லாமல் போனது. கடைசியில் உள்ளூர்ப் பாதிரியார் தம் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. கடல் கடந்து, போர் நடுவில், செத்த பிறகும் சாதி அவரை விடவில்லை. ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது இன்னொன்று. அந்த ஊர்க்காரர்கள் நட்ட கல்லில் அவர் கிறிஸ்தவர் அல்லர் என்றும், ஐக்கிய மாகாணத்துப் பரேலி நகரத்தில் கங்காபூர் மொகல்லாவைச் சேர்ந்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால்தான் நூறு ஆண்டுகள் கழித்தும் அவரை ஒரு தெருவோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது. தகப்பன் பெயர் அந்தக் கல்லில் இல்லை. மனைவி பெயர் இல்லை. சுகா என்ற ஒற்றைப் பெயரும் ஒரு தெருவின் பெயரும் மட்டும். நம்மவர்களில் மிகப் பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

எத்தனை பேர் போனார்கள்? முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ 8 லட்சத்து 77 ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்தியவர்கள். 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் சுமார் 92 ஆயிரம் பேர். அதில் 41 ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், பாதை போட்டவர், மலம் அள்ளியவர். ராணுவம் இவர்களை ‘ஃபாலோயர்’ என்று எழுதியது. பின்னால் வருகிறவன் என்று பொருள். பாதையும் பாலமும் போட அவர்கள் முன்னால் போனால்தான் படை நகர முடியும். பெயர் மட்டும் பின்னால் வருகிறவன்.

நம்மவர்கள் ஏவல் வேலைக்கு மட்டும்தான் போனார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கும்பினிக் காலத்துச் சென்னைப் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலும், பயனியர் படைகளிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1880களின் முற்பகுதியில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்ற கருத்தைப் பரப்பினார். போர்க்குடி, போர்க்குடி அல்லாதவன் என்ற கோட்பாடு பிறகு கொள்கையாகவே ஆனது. தென்னாட்டுப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மராட்டியத்தில் மகர்களுக்கும் 1890களில் இதே கதவு சாத்தப்பட்டது. 1917இல் ஆள் பற்றாக்குறை வந்ததும் கதவைத் திறந்து 111ஆம் மகர் படையை அமைத்தார்கள்; சண்டை முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். பயனியர் படைகளை 1930களின் தொடக்கத்தில் கலைத்தார்கள். இரண்டாம் போரில் மறுபடி திறந்தார்கள்: 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். அந்தச் சமார் ரெஜிமென்ட்டையும் 1946இல் கலைத்துவிட்டார்கள். தேவைப்படும்போது எடுப்பது, தேவை தீர்ந்ததும் விடுவது. படை கலைந்தால் அந்தப் படையின் கதையைச் சொல்ல வாரிசுப் படை இல்லை. காகிதத்தைக் காப்பதற்கும் ஆள் இல்லை. நம் தேடல் கடினமாக இருப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நினைவுச் சின்னங்களை எழுதிய முறை. பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் அமைந்தபோது, இறந்தவர்கள் பதவி, இனம், மதம் பார்க்காமல் சமமாக நினைவுகூரப்படுவார்கள் என்பதே அதன் கொள்கை. பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 1927இல் திறந்த சின்னத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர்களின் பெயர்கள் வெட்டப்பட்டன. ஐரோப்பியர் பார்வையில் படும் இடம் அது. இராக்கில் பாஸ்ரா சின்னத்துக்கு வாருங்கள். 40,500 பேருக்கு மேல் நினைவுகூரும் சின்னம். அங்கே பிரிட்டிஷார் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகள் பெயரும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு அவரவர் படையின் பெயரின் கீழே எண்ணிக்கை மட்டும் வெட்டப்பட்டது. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஒரு குழுவின் அறிக்கையை வெளியிட்டு இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலானோரில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், அதிகமாகப் போனால் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை பெயராலோ வேறு விதத்திலோ நினைவுகூரப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்றும் அந்த அறிக்கை கூறியது.

இறந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டுவது நமக்குப் புதிய வழக்கமா? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. திருடர்களைக் கடித்து எசமானோடு நின்ற ஒரு நாய்க்கும் அதில் உருவம் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் நாயின் பெயரையும் எழுதிவைத்த மண்ணிலிருந்து போன மனிதர்களைத்தான் பாஸ்ராவில் எண்ணிக்கையாக வெட்டினார்கள். வெள்ளைக்காரனை மட்டும் குறைசொல்லி இதை முடித்துக்கொள்ள முடியாது. அந்த மனிதர்களின் சொந்த ஊர்களில் அவர்களுக்கு எந்தக் கல்லும் நடப்படவில்லை. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்கு ஊர்நடுவில் கல் எப்படி வரும்?

மூன்றாவது காரணம், பிறப்பைப் பதிந்த முறை. கும்பினிக் காலத்து வெள்ளைச் சிப்பாய் ஒருவனின் பேரன் இன்று லண்டனில் தன் முன்னோரைத் தேடினால் வழி எளிது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் சென்னையிலிருந்து நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை நூறு ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921இன் தாள்களையே இன்று பார்க்கலாம். இந்தியாவில் கணக்கெடுப்பு நடந்தது; ஆனால் வீட்டுவாரியான பழைய தாள்கள் காக்கப்படவில்லை. சாதிக்கு எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை அச்சாகி நிற்கிறது. ஆளின் பெயர் அழிந்தது. இங்கேயும் பாஸ்ராவின் அதே கணக்குதான்.

ஒரு சிப்பாயின் இறப்புக்குத் தேதி உண்டு, பிறப்புக்கு இல்லை என்பது இதனால்தான். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவர் இறந்த நாள், இடம், இறந்த விதம் எல்லாம் அரசிதழில் உள்ளன. பிறந்த ஆண்டைச் சொல்லும்போது மட்டும் ‘சுமார் 1912’ என்கிறார்கள். உயர்ந்த விருது பெற்றவர் நிலையே இதுவென்றால், தண்ணீர்ப் பை தூக்கியவர் நிலையைச் சொல்ல வேண்டாம்.

இப்போது தேடும் வழிக்கு வருகிறேன். ராணுவம் ஒருவனைச் சேர்க்கும்போது படிவத்தில் சில விவரங்களைக் கேட்டு எழுதியது: பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, பார்வைக்குத் தெரியும் வயது, உயரம், அடையாளம். ஏன் சாதியும் ஊரும்? எந்தச் சாதியை எந்தப் படையில் போடுவது என்று பிரிப்பதற்காக, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. நம்மைத் தரம் பிரிக்க எழுதிய அந்தக் கட்டங்கள்தான் இன்று நம்மவனைக் கண்டுபிடிக்கவும் உதவுகின்றன. பல குடும்பங்களில் ஒரு தலித்தின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் ஒரே தாளில் முதன்முதலாக எழுதப்பட்டது அந்தப் படிவத்தில்தான் இருக்கும். அதைக் கோபத்தோடும் படிக்க வேண்டும், கவனத்தோடும் படிக்க வேண்டும். படிக்கும்போது நான்கு முடிச்சுகள் வரும்.

முதல் முடிச்சு பெயர். குப்பன் என்பதை எழுத்தர் ‘கூப்பன்’ என்று படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ராமசாமி ‘ராமசாவ்மி’ ஆகும், முத்து ‘மூட்டூ’ ஆகும். ஒரே பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். அதைவிடச் சிக்கல், வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, சேரும்போது சொன்ன பெயர் வேறொன்றாக இருப்பது. மரியாதையான பெயர் வைக்கவே ஊர் விடாத காலத்தில், பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு பட்டாளத்தில் கிடைத்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இன்னொரு பெயர். பெயர் மாற்றம் நம் வரலாற்றில் விதிவிலக்கு அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர் பெயரை அவர் தன் பெயராக்கிக்கொண்டார். அம்பேத்கரின் குடும்பப் பெயர் சக்பால்.

இரண்டாவது முடிச்சு சாதிப் பெயர். 1922இல் எம்.சி. ராஜா முதலானோரின் முயற்சியால், பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத சென்னை அரசு ஆணையிட்டது. 1916இல் சேர்ந்தவர் தாளில் ஒரு சொல்லும், 1930இல் ஓய்வுபெற்ற தாளில் வேறொரு சொல்லும் இருந்தால் இரண்டு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அருந்ததியர் நம் பகுதியில் சக்கிலியர், மாதாரி, ஆதி ஆந்திரர் என்று பல பெயர்களில் பதிவாகியிருக்கலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசியதைக் கேட்டு ‘தெலுங்கர்’ என்று எழுதிவிட்டுப் போனதும் நடந்திருக்கலாம்.

மூன்றாவது முடிச்சு ஊர். படிவத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும், வளவின் பெயர் இருக்காது. ஜில்லா எல்லையும் இன்றைய எல்லை அல்ல. அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவில் ஈரோடு, பவானி, தாராபுரம், உடுமலைப்பேட்டை எல்லாம் அடங்கும். கொள்ளேகாலம் 1956 வரை நம் ஜில்லாதான். கரூர் 1910 வரை நம் ஜில்லாவில் இருந்து பிறகு திருச்சிக்குப் போனது. ஈரோடு 1979இலும் திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்கள் ஆயின. ‘கோயம்புத்தூர் ஜில்லா’ என்று கண்டதும் பொள்ளாச்சியில் மட்டும் தேடக் கூடாது.

நான்காவது முடிச்சு வயது. ‘பார்வைக்கு 22’ என்றால் 18ஆகவும் இருக்கும், 28ஆகவும் இருக்கும். இதற்கு ஊர்க்கணக்குதான் துணை. நம் பாட்டிகள் ஆண்டை எண்ணால் சொல்வதில்லை, பெயரால் சொல்வார்கள். தாது வருசப் பஞ்சம் என்றால் 1876. விஜய வருசம் பிறந்தவர் என்றால் 1893. ஆனந்த வருசம் சண்டை தொடங்கியது, காளயுக்தி வருசம் முடிந்தது. அதே காளயுக்தியில்தான், 1918இல், விஷக்காய்ச்சல் வந்து ஊர் ஊராகச் செத்தார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தப்பாது. பிள்ளை பிறந்தபோது பிளேக் வந்து ஊரைக் காலிசெய்து காட்டில் குடிசை போட்டிருந்தோம் என்று ஒரு கிழவி சொன்னால் அதுவும் ஒரு பிறப்புச் சான்றுதான். அதை வேறொரு சான்றோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.

தேட வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் இடம் வீடு. டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தால் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படை பொறித்திருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதக்கத்தின் உலோகத்தையும் பாருங்கள். சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். கூலிப்படையினர் பலருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். ஆள் என்ன வேலைக்குப் போனார் என்பதை அது சொல்லிவிடலாம். போரில் இறந்தவர் வீட்டுக்கு ஒரு வட்டமான வெண்கலத் தட்டும் வந்தது. பதவி போடாமல் பெயர் மட்டும் பொறித்த தட்டு. பித்தளைக் கடைக்குப் போகாமல் தப்பியிருந்தால் அது பெரிய சான்று.

இரண்டாவது இடம் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவு. போரில் இறந்தவர்களை அங்கே இலவசமாகத் தேடலாம். பாஸ்ராவில் எண்ணிக்கையாக நிற்பவர்களின் பெயர்களும் இப்போது அதில் உண்டு. பெயர், எண், படை, இறந்த நாள் இருக்கும். பல பதிவுகளில் ‘இன்னாருடைய மகன், இன்ன கிராமம், இன்ன ஜில்லா’ என்று ஒரு வரியும் இருக்கும். இரண்டாம் போரில் இறந்தவர்களுக்கு மனைவி பெயரும் சேர்ந்திருக்கலாம். பர்மாவில் இறந்தவர்களுக்கு ரங்கூன் சின்னம், மலேயாவில் இறந்தவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சின்னம் என்று இடம்வாரியாகவும் தேடலாம்.

மூன்றாவது இடம் படையின் பதிவு அலுவலகம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நம் மலைக்கு மேலே வெலிங்டன். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் பணித் தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கும் விதி ராணுவத்தில் உண்டு. போர் முடிந்ததும் அனுப்பப்பட்ட நம்மவர்கள் பலர் அந்த வகையில்தான் வருவார்கள். ஆனாலும் எண்ணும் படையும் தெரிந்தால் எழுதிக் கேட்க வேண்டும். வாரிசு என்ற முறையில் குடும்பத்தார் கையெழுத்தோடு கேட்க வேண்டும். இரண்டாம் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் மாநில அரசு மாத உதவி வழங்கியதால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகக் கோப்புகளிலும் விவரம் இருக்கக்கூடும்.

நான்காவது, ஊர் ஆவணங்கள். 1899இன் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் கிராமப் பதிவேடுகள் எழுதப்பட்டன. பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்ததால் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் பதிவேடு. லண்டன் மிஷன் 1830லேயே கோயம்புத்தூரில் வேலை தொடங்கிவிட்டது. மிஷன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சிப்பாயின் பிள்ளைகள் இருக்கலாம். பிறகு நிலவரித் திட்டப் பதிவேடுகள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892 ஆணையின்படி நம்மவர்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பெற்றவர் பெயரும் இருக்கும். பட்டாளத்தாரின் அண்ணன் தம்பி பெயர் அங்கே கிடைத்தால் குடும்ப மரத்தில் ஒரு கிளை உறுதியாகும். அந்த மரம் வெறும் ஆசைக்கு வரைவது அல்ல. பஞ்சமி நிலம் கேட்டு 1994இல் காரணையில் இரண்டு உயிர் கொடுத்திருக்கிறோம். நிலத்தை மீட்கப் போகும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘நீ அவருக்கு வாரிசு என்பதற்கு என்ன சான்று?’

பஞ்சாபில் நடந்ததையும் பாருங்கள். முதல் போருக்குப் போன பஞ்சாபியர்களை ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 3 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரம். இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஏற்றும் பணியை 2021இல் தொடங்கின. பேரன்கள் ஊர்ப் பெயரைத் தட்டித் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள். தேடும் ஆசை கொண்ட சமூகம் ஒன்று பின்னால் நின்றதால் அந்தப் பதிவேடு வெளியே வந்தது. சென்னை மாகாணத்துத் தலித் சிப்பாய்களைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் படியில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்?

அம்பேத்கர் 1927 ஜனவரி 1ஆம் நாள் கோரேகான் தூணுக்குப் போனார். 1818இல் அங்கே இறந்தவர்களின் பெயர்கள் அந்தத் தூணில் உள்ளன. ‘நாக்’ என்று முடியும் பெயர்களைக் கொண்டு அவர்கள் மகர்கள் என்று கண்டுகொள்ள முடிந்தது. கல்லில் பெயர் இருந்ததால்தான் நூறாண்டு கழித்து ஒரு மக்கள் கூட்டம் அங்கே வந்து நிற்க முடிந்தது. எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கும்பினித் தூண். அம்பேத்கரின் பாட்டனும் தகப்பனும் பட்டாளத்தார்கள். மௌ என்ற ராணுவக் குடியிருப்பில் அவர் பிறந்ததும் அதனால்தான். பட்டாளத்தில் சேர்ந்தவர்களின் வீடுகளுக்குள் எழுத்து நுழைந்தது. கூலி பணமாக வந்தது. ஊர்க்கவுண்டரின் முகத்தைப் பார்க்காமல் வாழ முடியும் என்ற எண்ணம் வந்தது. பேரரசுக்காகச் செத்ததில் நமக்குப் பெருமை இல்லை. ஊரைவிட்டு வெளியேற அவர்கள் கண்ட ஒரு வழி அது, அந்த வழியில் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய் பெயர். ராணுவம் அதைக் கேட்கவில்லை. பணம் அனுப்ப மனைவி பெயர் வேண்டும் என்பதால் அதை எழுதியது. பெற்றவள் பெயரை எழுதவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். அது பெண்களிடம் கிடைக்கும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண் உறவுமுறை சொல்லித்தான் அழுவாள். எந்த ஊரில் பெண் எடுத்தது, எந்த ஊருக்குக் கொடுத்தது என்பது அவளுக்குத் தெரியும். நம் பேச்சில் அப்பாரு வேறு, அப்புச்சி வேறு. தகப்பனைப் பெற்றவரா தாயைப் பெற்றவரா என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எனவே ‘தாத்தா’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். யார் வழி என்று கேட்டு எழுதுங்கள். குலதெய்வம் எது, எந்த ஊரில் என்று கேளுங்கள். பிழைக்கப் போன இடத்தை விட்டுப் பிறந்த இடத்துக்கு அது வழிகாட்டும். ஆனைமலைத் தோட்டங்களுக்கு மேலேறிப் போன குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

கேட்கும்போது ஒரு நெறியும் வேண்டும். படையில் சாதியை மறைத்து வாழ்ந்தவர் இருப்பார். வேறு பெயரில் வேறு குடும்பம் நடத்தியவர் இருப்பார். அதை அறிவது குடும்பத்தின் உரிமை. அச்சிடுவது நம் உரிமை அல்ல. அவர்கள் சம்மதித்ததை மட்டும் வெளியிட வேண்டும். பதக்கத்தையும் தாளையும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இந்த அமைப்பிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு குறிப்பேடு போடுங்கள். மாணவர்கள் ஒருவருக்கு ஒரு ஊர் எடுத்துக்கொள்ளட்டும், பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை என்று பக்கத்து ஊர்களிலிருந்தே தொடங்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இந்தக் கட்டங்கள்: வீட்டில் கூப்பிட்ட பெயர், தாளில் உள்ள பெயர், தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகள், வளவு, குலதெய்வம், படை, எண், போன இடம், திரும்பினாரா, இதைச் சொன்னவர் யார், சொன்ன நாள் எது. வாய்மொழியில் கிடைத்ததையும் தாளில் கண்டதையும் வேறு வேறு மையில் எழுதுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பாது. நிரம்பாத கட்டத்தை நிரப்புவதற்காக எதையும் கற்பனையாகச் சேர்க்காதீர்கள், காலியாகவே விடுங்கள். யாருக்கு எது மறுக்கப்பட்டது என்பதற்கு அந்தக் காலிக் கட்டமும் சான்றுதான்.

இரண்டாம் போரைத் தம் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், கடிதம் படித்துக்காட்டியவர்கள், மணியார்டருக்குக் கைநாட்டு வைத்த அம்மாவோடு போன பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். இவர்களிடம் இந்த விடுமுறையிலேயே போய்விடுங்கள்.